மலையகத்தில் வீட்டுத் தோட்டம்: முதல் வருடத்தில் கேட்கப்படும் கேள்விகள்

2022இல் இலங்கையில் மரக்கறி விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலும் புது வீட்டுக் காணியிலும் மண்வெட்டி பிடித்தவர்கள் பலர். அவர்களில் கணிசமானோர் ஒரு போகத்தோடு விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் "மண்ணு சரியில்ல", "மழை கெடுத்திருச்சு", "பூச்சி தின்னுருச்சு" என்பார்கள். மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒன்றுதான்: விதை போடுவதற்கு முன் முடித்திருக்க வேண்டிய வேலை முடியவில்லை. மண்ணின் புளிப்பைக் குறைப்பது, தண்ணீர் வடிய வழி செய்வது, அந்த உயரத்துக்கும் அந்த மாதத்துக்கும் ஒத்துவரும் பயிரைத் தெரிவது ஆகியவையே அந்த வேலை. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இங்கேதான் வந்து நிற்கும்.

தேயிலை இவ்வளவு செழிப்பா வளருற மண்ணுல கோவா மட்டும் ஏன் மஞ்சளாகி நிக்குது?

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. அமில காரக் குறியீடு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். கோவா, பீட்ரூட், போஞ்சி, கரட், லீக்ஸ் எல்லாம் 6 முதல் 6.5 வரையான மண்ணைக் கேட்பவை. பழைய தேயிலை நிலத்தில் பல பத்து வருடங்களாகப் போட்ட நைதரசன் பசளை புளிப்பை இன்னும் கூட்டியிருக்கும். அந்த மண்ணில் எவ்வளவு எரு கொட்டினாலும் வேர் அதை எடுத்துக்கொள்ளத் திணறும். பொஸ்பரசு மண்ணிலேயே பிணைந்துவிடும், கல்சியமும் மக்னீசியமும் மழையில் கரைந்து போயிருக்கும். செடி பசியில் நிற்பது போலத் தெரிவதால் ஆட்கள் மேலும் யூரியா போடுகிறார்கள், புளிப்பு மேலும் ஏறுகிறது.

மருந்து டொலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூள். சதுர மீற்றருக்குச் சுமார் 200 கிராம் தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, ஈரத்தோடு இரண்டு மூன்று வாரம் விடவேண்டும். அதன் பிறகே எருவும் நாற்றும். டொலமைட்டையும் பச்சைச் சாணியையும் ஒரே நாளில் கலந்தால் நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். மண்ணைச் சோதித்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே கொண்டுபோவது என்று சொல்வார்கள்.

அடுப்புச் சாம்பல் போதாதா?

மிலாறு (கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) எரிக்கிற வீட்டில் சாம்பலுக்குக் குறைவில்லை, அது நல்ல பொருளும்கூட. பொட்டாசியம் தரும், புளிப்பையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் ஒரே இடத்தில் தினமும் கொட்டக்கூடாது. பாத்திக்குப் பாத்தி மாற்றி மெல்லியதாகத் தூவுங்கள். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் சாம்பலும் வேண்டாம், டொலமைட்டும் அதிகம் வேண்டாம். புளிப்புக் குறைந்த மண்ணில் கிழங்கின் தோலில் சொறி விழும். பொலித்தீன், பிளாஸ்டிக் எரித்த சாம்பலைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

எந்த மாசத்துல விதை போடணும்? கேட்கிற ஆள் எல்லாம் ஒவ்வொரு மாசம் சொல்றாங்க.

ஒவ்வொருவரும் அவரவர் ஊரை வைத்துச் சொல்வதால் வரும் குழப்பம் இது. மலையகத்துக்கு ஒரே மழை கிடையாது.

மேற்குச் சரிவில் இருக்கும் ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை பக்கத்தவர்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஜூன், ஜூலையில் வெயில் முகமே தெரியாத வாரங்கள் இருக்கும். அந்த நேரத்தில் தக்காளி நாற்றையோ உருளைக்கிழங்கையோ வைப்பது நோய்க்கு விருந்து வைப்பது மாதிரி. இவர்களுக்கு மார்ச் முதல் மழைகளோடு ஒரு நடுகையும், மழை தணிந்து வரும் செப்டெம்பர் கடைசியில் ஒரு நடுகையும் பாதுகாப்பானவை.

பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை பக்கம் கதை வேறு. அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சியும் பலத்த காற்றும். தண்ணீர் வசதி இல்லாதவர்கள் ஜூனில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். அவர்களுக்கு ஒக்டோபரில் தொடங்கும் மழையே முக்கிய போகம். வடகீழ் மழை டிசம்பர், ஜனவரியில் இறுக்கிப் பெய்யும்போது செடி வேர்பிடித்து நிற்க வேண்டும்.

இரண்டு சரிவுக்கும் நடுவில் இருக்கும் ராகலை, கந்தப்பளை, நுவரெலியா பக்கத்தவர்கள் பக்கத்து விவசாயி நாற்றுமேடை போடும் வாரத்தைக் கவனித்துச் செய்வதே உத்தமம். அவர் அந்தப் பள்ளத்தாக்கின் காற்றையும் பனியையும் அறிந்தவர்.

முதல் தடவை எதைப் போட்டா ஏமாறாம இருக்கலாம்?

வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் சமைப்பதைப் போடுங்கள். இதைக் கேட்டதும் பலருக்குச் சப்பென்று இருக்கும். கடையில் அழகாக இருக்கும் கோலிபிளவரும் கறிமிளகாயும்தான் கண்ணில் நிற்கும். ஆனால் முதல் போகத்தில் மனதைப் பிடித்து வைப்பது கைக்குச் சீக்கிரம் வரும் பயிர்கள். முள்ளங்கி ஆறேழு வாரத்தில் வந்துவிடும். சலாது, கொத்தமல்லி, முளைக்கீரை அதே அளவு. செடிப் போஞ்சி இரண்டு மாதத்துக்குள் முதல் பறிப்பு தரும். நோக்கோல் கோவாவை விட அவசரக்காரன், இடமும் குறைவு.

வல்லாரையும் பொன்னாங்காணியும் பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) பக்கத்து ஈரத்தில் ஒரு முறை நட்டால் வருடக்கணக்கில் கிள்ளலாம். சௌசௌ ஒரு கொடி போதும், ஒரு லயத்துக்கே காய் தரும், அதன் இளங்கொழுந்தும் நல்ல கறி. வேலியோரம் ஒரு மரத்தக்காளி வைத்துவிடுங்கள்.

லீக்ஸ் போட ஆசைப்பட்டால் பொறுமை வேண்டும். நாற்றுமேடையில் ஆறேழு வாரம், பாத்தியில் மூன்று நான்கு மாதம். கரட் மூன்று மாதத்துக்கு மேல். வெண்டி, கத்தரி, பயற்றங்காய் ஆகியவற்றுக்கு வெப்பம் வேண்டும். பதுளை, கொத்மலை போன்ற தாழ்ந்த இடங்களில் வரும், நானுஓயாவில் நட்டால் செடி நிற்கும், காய் வராது.

ஏழு பேர்ச் காணி, அதுல வீடும் இருக்கு. இல்லாட்டி லயம்தான், வாசல் மட்டும். இதுல என்ன செய்யலாம்?

ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு, பாதை, மலசலகூடம் எல்லாம் போனாலும் நாலடி அகலம், பத்தடி நீளத்தில் நாலைந்து பாத்திகளுக்கு இடம் இருக்கும். முதல் போகத்துக்கு இரண்டு பாத்தி போதும். கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்களுக்கு மாலையில் கிடைப்பது அரை மணி நேரம், அந்த அரை மணியில் கவனிக்க முடிகிற அளவே தோட்டத்தின் அளவு. முழுக் காணியையும் கொத்திவிட்டுப் பாதியைப் புல்லுக்குக் கொடுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது.

வாசல் மட்டும் இருந்தால் பசளைப் பைகளும் பழைய றெஜிபோம் பெட்டிகளும் உதவும். அடியில் துளை போடுங்கள். ஒரு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு தும்புத்தூள். சலாது, கீரை, கொத்தமல்லி, வெங்காயத்தாள், ஒரு பைக்கு ஒரு கறிமிளகாய் என்று வைக்கலாம். கூரைத் தண்ணீர் சொட்டும் வரிசையில் மட்டும் பைகளை அடுக்காதீர்கள். ஒரே மழையில் எருவெல்லாம் கழுவிப் போய்விடும்.

கரட் ஏன் கவட்டையா, முறுக்கிக்கிட்டு வருது?

மூன்று காரணம்: மண்ணில் கல், மக்காத எரு, நாற்றைப் பிடுங்கி நட்டது. கரட்டை நேரே பாத்தியில் அரை அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும். முளைக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகலாம், அதுவரை மேல்மண் காயக்கூடாது. முளைத்த பிறகு இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிடுங்கள். வளர்ந்த குஞ்சைப் பிடுங்கிப் போட மனம் வராமல் விட்டவர்களுக்கு விரல் தடிமன் கரட்டே மிஞ்சும்.

கோவா மத்தியானம் வாடுது, சாயந்தரம் நிமிருது. தண்ணி காணலையா?

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேர் விரல் விரலாக, கிழங்கு போல வீங்கியிருந்தால் அது மண்ணில் வாழும் நோய். நுவரெலியாப் பக்கத்துக் கோவா நிலங்களில் நன்கு தெரிந்த ஒன்று. இதைத் தெரிந்துகொள்வது புதியவருக்கு மிக அவசியம், ஏனென்றால் ஒருமுறை வந்தால் அதன் வித்துக்கள் பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். தெளிப்பதற்கு ஒரு மருந்தும் அதை வெளியேற்றாது.

வந்து சேரும் வழிகள் சாதாரணமானவை: எங்கிருந்தோ வாங்கிய நாற்றின் வேரில் ஒட்டிய மண், இரவல் வாங்கிய மண்வெட்டி, மேல் தோட்டத்திலிருந்து வழிந்து வரும் கான் (வடிகால்) தண்ணீர், சப்பாத்து. ஆகவே கோவா, நோக்கோல், கோலிபிளவர் நாற்றை நீங்களே சுத்தமான மண்ணில் போட்டுக்கொள்ளுங்கள். நாலு வாரத்தில் நாற்று தயார். வந்துவிட்ட பாத்தியில் டொலமைட் கூட்டிப் போட்டுப் புளிப்பைக் குறையுங்கள், வடிகால் வெட்டுங்கள், சில வருடங்களுக்குக் கோவாக் குடும்பமே வேண்டாம். முள்ளங்கியும் கடுகும் அதே குடும்பம் என்பதை மறந்துவிடுகிறார்கள். போஞ்சி, லீக்ஸ், கரட், பீட்ரூட் போடலாம். வீங்கிய வேரைக் கூட்டெருக் குழியில் போடாமல் காயவைத்து எரியுங்கள்.

வேர் சுத்தமாக இருந்து செடி தரையோடு அறுந்து கிடந்தால் அது வெட்டுப்புழு. விடியற்காலையில் அடிமண்ணை விரலால் கிளறினால் சுருண்டு கிடக்கும், பொறுக்கிவிடலாம்.

தக்காளி ரெண்டு நாள்ல கருகிப் போச்சு. என்ன நடந்தது?

இலையில் தண்ணீர் கோர்த்தது போல் கறுத்த திட்டு, அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சணம், பிறகு தண்டும் காயும் கறுப்பு என்றால் பின்கருகல் நோய். குளிரும் மூடுபனியும் தொடர்ந்தால் ஒரு கிழமைக்குள் முழுப் பாத்தியையும் முடித்துவிடும். உருளைக்கிழங்கையும் இதே நோய்தான் தாக்கும், 1840களில் அயர்லாந்தில் பஞ்சம் கொண்டுவந்ததும் இதுதான். உயரமான இடங்களில் தக்காளிக்கு மேலே ஒரு பொலித்தீன் கூரை, பக்கங்கள் திறந்தபடி. இலை நனையாமல் இருந்தால் நோய் பெரும்பாலும் வராது. கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், தண்ணீரை அடியில் மட்டும் ஊற்றுங்கள், உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் நடாதீர்கள்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி முழுதாகத் துவண்டால் அது வேறு. தண்டை அறுத்துத் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் தொங்கவிடுங்கள். பால் போல நூல் இறங்கினால் பற்றீரியா வாடல். அந்தச் செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதுவும் சில போகங்களுக்கு வேண்டாம்.

போஞ்சிக் கன்று மூணு வாரத்துல மஞ்சளாகிச் சாயுது.

தண்டின் அடி தடித்து வெடித்திருந்தால் போஞ்சி ஈ. உள்ளே புழு இருக்கும். தப்பி நிற்கும் கன்றுகளுக்கு அடியில் மண் அணைத்தால் மேலே புது வேர் விட்டுப் பிழைக்கும். கொடிப் போஞ்சிக்குக் கம்பை விதைக்கும் நாளிலேயே நட்டுவிடுங்கள், பிறகு குத்தினால் வேர் அறுபடும்.

மருந்தே அடிக்காம கோவாவும் போஞ்சியும் எடுக்க முடியுமா?

இரண்டு பாத்தி அளவில் முடியும். அதற்காகத்தான் வீட்டுத் தோட்டமே என்று நான் நினைக்கிறேன். சந்தைக்குப் போடுகிறவர் ஏக்கர் கணக்கில் ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பார்க்க முடியாது. நீங்கள் இருபது கோவாவை ஐந்து நிமிடத்தில் புரட்டிவிடலாம். மஞ்சள் முட்டைக் கூட்டத்தை நசுக்குவது, பச்சைப் புழுவைப் பொறுக்குவது, நடும் நாளிலேயே மெல்லிய வலை போர்த்துவது, செடிப்பேனுக்குச் சவர்க்காரத் தண்ணீர், இவை பெரும்பாலும் போதும். நத்தைக்குப் பழைய சாக்கை நனைத்துப் பாத்தியோரம் விரித்து, காலையில் தூக்கிப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் பச்சையாகக் கடிக்கும் கரட்டையும் சலாதையும் பெரிய தோட்டக்காரர் பாணியில் நாலு நாளுக்கு ஒருமுறை தெளித்து வளர்ப்பதில் அர்த்தம் இல்லை. தவிர்க்க முடியாமல் ஏதேனும் தெளித்தால் லேபலில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்களைக் கணக்கிட்டே பறியுங்கள். பெயர் தெரியாமல் போத்தலில் ஊற்றித் தரும் மருந்தை வாங்கவே வாங்காதீர்கள்.

தேயிலை மலையை ஒட்டிய ஓரத்தில் பாத்தி போட்டால் அங்கே களைநாசினி அடிக்கும் நாளில் சாரல் உங்கள் செடிக்கும் வரும். இலை சுருண்டு, நுனி முறுக்கி நின்றால் இதையும் சந்தேகியுங்கள். ஓரத்தில் அடர்த்தியாக ஒரு வேலி வைப்பது நல்லது.

பசளை எது? இரசாயனமே கூடாதா?

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று நிறுத்தப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் என்ன பாடுபட்டோம் என்று எல்லோருக்கும் தெரியும். சேதனப் பசளை மெதுவாகத்தான் கொடுக்கும், மண்ணில் அது சேர்ந்திருக்க வேண்டும். ஒரே நாளில் மாற்ற முடியாது. வீட்டுப் பாத்திக்குச் சதுர மீற்றருக்கு இரண்டு கிலோ மக்கிய எருவே அடிப்படை. இலைப்பயிர் வெளிறினால் சிறிது யூரியா கொடுப்பது பாவமில்லை. தேயிலைக்கு வரும் கலவையைக் கொண்டுவந்து போடுவது மட்டும் வேண்டாம். அது கொழுந்துக்காகச் செய்தது, மண்ணை மேலும் புளிக்க வைக்கும்.

எருவுக்கு இங்கே பஞ்சமில்லை. பாதையோரக் காட்டுச் சூரியகாந்தியைப் பூக்குமுன் வெட்டி, சாணி, அடுப்படிக் கழிவு, தேயிலைச் சக்கையோடு அடுக்கிக் கறுப்புப் பொலித்தீனால் மூடுங்கள். குளிரில் மக்குவதற்கு நாலைந்து மாதம் எடுக்கும். டர்ப்பன்டைன் மரத்து இலையைச் சேர்க்காதீர்கள். கோழி எருவைக் குறைந்தது இரண்டு மாதமாவது ஆறவிட்டே போடுங்கள், புதிதாகப் போட்டால் வேர் கருகும்.

சரிவான இடம். பாத்தியை எப்படி வெட்டுறது?

சரிவுக்குக் குறுக்கே. மேலிருந்து கீழாக வெட்டிய பாத்தியில் முதல் பெருமழைக்கே மேல்மண் கானில் போய்விடும். ஒவ்வொரு பாத்தியின் கீழ் விளிம்பிலும் கல் அடுக்கி, அல்லது வெட்டிவேர், மானாப்புல் நட்டு மண்ணைப் பிடியுங்கள். புல்லை அவ்வப்போது வெட்டிப் பாத்திக்கு மூடாக்காகப் போடலாம். மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப ஒரு கான், அதற்கு இலேசான சரிவு.

வீட்டின் பின்னால் உள்ள மண்மேட்டை மட்டும் பாத்திக்காக வெட்டாதீர்கள், அதன் மேலே தண்ணீர் தேங்கும் குழியும் வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையிலும் மலையகத்தின் பல இடங்கள் சரிந்தன. நாலடி இடம் கிடைக்கிறது என்பதற்காக வீட்டுக்கு மேலே உள்ள மண்ணைத் தளர்த்துவது வேண்டவே வேண்டாம். நிலத்தில் புதிய வெடிப்போ, திடீர் ஊற்றோ, சாய்ந்த மரமோ கண்டால் தோட்ட வேலையை விட்டுவிட்டுக் கிராம அலுவலருக்குச் சொல்லுங்கள்.

ஜனவரி பனிக்கு என்ன செய்றது?

நுவரெலியாவைச் சுற்றி ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்து காற்றடங்கிய இரவுகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால் மேட்டில் இருக்கும் பாத்தி தப்பும், ஆற்றோரப் பாத்தி கருகும். போஞ்சி, தக்காளி, உருளைக்கிழங்கு, பூசணி தாங்காது. கோவா, லீக்ஸ், கரட் தாங்கும். சாயந்தரமே சாக்கு அல்லது பொலித்தீனை இலையில் படாமல் கம்பு ஊன்றி மூடுங்கள், வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள். பனி விழுந்துவிட்டால் வெயில் படும் முன் தண்ணீர் தெளித்துக் கழுவலாம்.

காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் ஒரே ராத்திரில முடிச்சிருது. கம்பி வைக்கலாமா?

சுருக்குக் கம்பி வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டத்துச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது. சிறுத்தைக்கு மட்டுமல்ல, விறகுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் நாய்க்கும் அது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பிக்குக் கொடுப்பது கொலைக்குச் சமம்.

செய்யக்கூடியது: பாத்தி வீட்டுக்கு அருகில், வெளிச்சம் விழும் பக்கத்தில் இருக்கட்டும். முள்ளம்பன்றிக்குத் தகரத்தை ஓரடி மண்ணுக்குள் புதைத்து வேலி. கிழங்கு வகைகளைக் காட்டோரத்தில் போடாமல் உட்பக்கம் போடுங்கள். குரங்குக்கு வலைக்கூடு தவிர உறுதியான வழி கிடையாது.

கான் தண்ணி ஊத்தலாமா?

லயத்துக் கழிவுநீர் கலக்கும் கான் என்றால் கூடாது. பச்சையாகச் சாப்பிடும் இலைக்கு ஒருபோதும் கூடாது. பீலித் தண்ணீரோ கூரையில் பிடித்த மழைத் தண்ணீரோ போதும், வாளிக்கு மேல் மூடி போட்டு வையுங்கள், நுளம்பு பெருகாது.

கடையில வாங்கின உருளைக்கிழங்கை நடலாமா?

நடாதீர்கள். வாடலும் கிழங்கு நூற்புழுவும் கூடவே வரும், பிறகு அந்த மண்ணை மீட்பது பெரும்பாடு. நம்பகமான விதைக்கிழங்கை வாங்குங்கள். செடி வளர வளர மண் அணையுங்கள். வெயில்பட்டுப் பச்சையான கிழங்கைச் சமைக்க வேண்டாம்.

விதையை எடுத்து வச்சுக்கலாமா?

போஞ்சி, தக்காளி, சலாது, கீரை விதைகளை எடுத்து வைக்கலாம். கலப்பின விதை என்று பக்கற்றில் போட்டிருந்தால் அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. கோவா, கரட், லீக்ஸ் பூத்து விதை தர நீண்ட குளிரும் காலமும் வேண்டும், அவற்றை வாங்குவதே மேல். போஞ்சியில் நோயில்லாத நாலைந்து செடியை முதலிலேயே துணி கட்டி அடையாளம் வைத்து, அவற்றில் காய் பறிக்காமல் காயவிடுங்கள். கடைசியில் மிஞ்சிய காயை விதையாக்கினால் பலவீனமான செடியின் விதையே சேரும். பருப்பில் பல் பதியாத அளவுக்கு நிழலில் உலர்த்தி, கொஞ்சம் சாம்பல் கலந்து கண்ணாடிப் போத்தலில் இறுக மூடுங்கள். போத்தலில் பெயரையும் பறித்த மாதத்தையும் எழுதி ஒட்டி, அடுப்படி வெக்கை படாத அலுமாரியில் வையுங்கள்.